சாக்ஸபோன்னா 'டூயட்'டோட முடிஞ்சுதா?

ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு, இன்னிக்குக் கொட்டிடறேன். மும்பையில நம்ம ஆளுங்க வீட்டுல சாக்ஸபோன்னு பேச்செடுத்தா ரெண்டே பதில்தான். ஒண்ணு, "ஆஹா, கத்ரி கோபால்நாத், டூயட் படம்!" (1994. அதுல எனக்கு மறுப்பே இல்லை, மனுஷர் ஊதினது ஊதினதுதான்.) அடுத்து, ஜாஸ்னு சொன்னதும், "ஓ, ஹோட்டல் லிஃப்ட்ல ஓடுமே, அதுவா?"

லிஃப்ட்ல ஓடறது ஜாஸ் இல்லை சாமி. சர்க்கரைப் பாகுல ஊறப்போட்ட ஏதோ ஒண்ணு.

நான் சொல்றது மூணு, நாலு பேர் உட்கார்ந்து வாசிக்கிற சமாச்சாரம். சோனி ராலின்ஸோட 'சாக்ஸபோன் கொலோசஸ்', 1956 ஜூன் 22-ல பதிவானது. அதுல கடைசியா 'ப்ளூ செவன்', பதினோரு நிமிஷம். முதல்ல டக் வாட்கின்ஸோட பேஸ் மட்டும் தனியா நடந்து வரும். அப்புறம் ராலின்ஸ் நாலஞ்சு ஸ்வரத்துல ஒரு துண்டு வைப்பார். அவ்வளவுதான் முதலீடு! அதையே உடைப்பார், திருப்பிப் போடுவார், பாதியில நிறுத்தி நம்மளைக் காக்க வைப்பார். மேக்ஸ் ரோச் டிரம்ஸ்ல தனி எடுக்கும்போது அவரும் அதே மாதிரி ஒரு சின்ன உருவைப் பிடிச்சுக்கிட்டு வளர்ப்பார். அடுத்த வருஷம் நவம்பர் 3, நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டுல பியானோவையும் தூக்கிட்டார். பேஸ், டிரம்ஸ், இவர். சாய்ஞ்சுக்க சுவரே இல்லாம ஒரு மனுஷன் வாசிக்கிறதைக் கேட்டா கைதட்டத் தோணாதா?

நிரவலும் தனி ஆவர்த்தனமும் கேட்டு வளர்ந்த மாமாக்கள் இதைப் போய் "ஒரே சத்தம்"ங்கறாங்களே, அதுதான் தாங்கலை.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "எல்லாம் நம்ம ராகம்தான் சார், நம்மகிட்டேர்ந்து எடுத்ததுதான்." கோல்ட்ரேன் ரவிசங்கர் மேல இருந்த மரியாதையில மகனுக்கு ரவின்னு பேர் வெச்சார், நிஜம்தான். அதுக்காக ப்ளூஸ் மயிலாப்பூர்ல பொறந்துடுமா? அது அமெரிக்கக் கறுப்பின மக்கள் பட்டு, பாடி, உண்டாக்கினது. ராலின்ஸோட பெத்தவங்க கரீபியன்ல வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவங்க. அவரோட 'செயின்ட் தாமஸ்' துள்ளறது அந்த ஊர் கலிப்ஸோ துள்ளல். ரசிக்கிறதுக்கு முன்னாடி பட்டாவை நம்ம பேருக்கு மாத்தியே ஆகணுமா?

வேடிக்கை என்னன்னா, அதே ராலின்ஸ் 1960களின் பின்பாதியில யோகமும் வேதாந்தமும் கத்துக்க நம்ம பவாய்ல இருக்கிற ஆசிரமத்துக்கு வந்து தங்கினவர். 1978-ல பம்பாய் ஜாஸ் யாத்ராவுலயும் வாசிச்சார். அந்தப் பவாய்ல இன்னிக்கு, தெரிஞ்ச குடும்பத்துப் பையன் ஒருத்தன் சாக்ஸ் கத்துக்கறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறான். "மூச்சு வாங்கும், பத்தாவது முடியட்டும், அதுவரைக்கும் கீபோர்டு கிளாஸ் போ"ன்னு தீர்ப்பாயிடுச்சு. பத்தாவது முடிஞ்சா ஜேஇஇ. அதுவும் முடிஞ்சா? இவ்வளவு தூரம் வந்து குடியேறி, பிள்ளைக்குக் கொடுக்கிறது பழைய பயம் மட்டும்தானா? பையனோட அப்பா இதைப் படிப்பார், தெரியும். படிக்கட்டும்.

சார், இந்த ஞாயித்துக்கிழமை டிபன் ஆனதும் டிவியை அணைச்சுட்டு, பையனைப் பக்கத்துல உட்கார வெச்சு, அந்தப் பதினோரு நிமிஷம் கேளுங்க. பிடிக்கலைன்னா வீட்டுக்கே வந்து திட்டுங்க, காபி உண்டு. லிஃப்ட்ங்கிற வார்த்தை மட்டும் வேண்டாம்.