நாணயத்தில் நிலையம் தெரியட்டும்

அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்கள் தங்களுக்கென்று அச்சடித்துக்கொள்ளும் ‘சேலஞ்ச் காயின்’ என்ற நினைவு நாணயம் ராணுவத்திலிருந்து வந்த வழக்கம். பயிற்சி முடித்தவருக்கும் ஓய்வு பெறுபவருக்கும் கைகுலுக்கும் சாக்கில் உள்ளங்கையில் வைத்து அழுத்துவார்கள். எனக்கு மிகவும் பிடித்த மரபு இது. ஆனால் இன்று வரும் நாணயங்களில் பல, எந்த ஊருடையவை என்றே சொல்ல முடியாதபடி இருக்கின்றன. அதே மால்டீஸ் சிலுவை, குறுக்காக இரண்டு கோடரி, தலைக்கவசம், பின்னால் ஆரஞ்சு எனாமலில் தீநாக்கு, மறுபக்கம் தீயணைப்பு வீரர்களின் காவல் புனிதரான ஃபுளோரியன். ஒன்றே முக்கால் அங்குல வட்டத்துக்குள் இத்தனையும் திணித்தால், விளிம்பில் இருக்கும் நிலையத்தின் எண் கண்ணிலேயே படாது. அந்த எண்தானே முக்கியம்! 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. அன்று ஆளை இழந்த நிலையம் 343 என்று பொறித்துக்கொள்வதில் ஓர் உரிமை இருக்கிறது. அதையே அலங்காரமாக எல்லா நாணயத்திலும் ஒட்டுவது எனக்கு ஒப்பவில்லை. 1999 டிசம்பரில் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில், ஆளில்லாக் குளிர்பதனக் கிடங்கு எரிந்தபோது ஆறு வீரர்கள் இறந்தார்கள். உள்ளே யாரோ இருக்கக்கூடும் என்று தேடப் போனவர்கள் முதலில் சிக்கினார்கள். அவர்களைத் தேடிப் போனவர்களும் திரும்பவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் சொல்ல இப்படிச் சொந்தக் கதை உண்டு. ஆர்டர் கொடுக்கும் முன் நிலையத்தின் மூத்தவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள்: எந்த வண்டி, எந்தத் தெரு, யாருடைய பெயர்?