பிரெஞ்சு வகுப்புக்கு ஒரு சட்டாம்பிள்ளை

2030-ஆம் ஆண்டில் 30,000 இந்திய மாணவர்கள் பிரான்ஸில் பயில வேண்டும் என்பது, 2023-இல் பிரதமரின் பாரீஸ் பயணத்தின்போது அறிவிக்கப்பட்ட இலக்கு. அடுத்த ஆண்டு குடியரசு தின விழாவுக்கு வந்த அதிபர் மேக்ரான் அதை மீண்டும் உறுதிப்படுத்தினார். பிரெஞ்சு அறியாத மாணவர்களுக்கு ஓராண்டு மொழிப் பயிற்சி அளித்து, அதன்பின் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளும் சிறப்பு வகுப்புகளும் அறிவிக்கப்பட்டன. பிரெஞ்சு வழியில் பட்டம் பயில்வோரிடம் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது 'பி2' நிலைத் தேர்ச்சி. நம் கல்லூரிகளில் நான்கு பருவங்கள் பிரெஞ்சு பயின்று வெளியேறுவோரில் எத்தனை பேர் அதை எட்டுகிறார்கள்? பி2 கிடக்கட்டும், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ஐந்து நிமிடம் உரையாடக் கூடியவர்கள் எத்தனை பேர்?

தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளில் முதல் பகுதி மொழிப்பாடமாகத் தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சைத் தேர்ந்தெடுக்க முடியும். அவ்வாறு தேர்ந்தெடுப்போரில் பலரை ஈர்ப்பது அம்மொழியின் இலக்கியத்தைவிட அது தரும் மதிப்பெண்தான். இதை நான் குறையாகக் கூறவில்லை. மதிப்பெண்ணுக்கு விலை இருக்கும் சந்தையில் மாணவர் வேறெப்படி நடந்துகொள்வார்?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பள்ளியில் ஆறேழு ஆண்டுகள் பிரெஞ்சு படித்தவரும், கல்லூரிக்கு வந்த பிறகே அம்மொழியின் முதல் சொல்லைக் கேட்பவரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். முன்னவருக்குச் சலிப்பு, பின்னவருக்கு அச்சம். இருவருக்கும் இடைப்பட்ட ஒரு மாணவரைக் கற்பனை செய்துகொண்டு ஆசிரியர் பாடம் நடத்துகிறார். அந்த மாணவர் வகுப்பில் இல்லை. இழப்பு பெரிதும் பின்னவருக்கே. பிரெஞ்சு கற்பிக்கும் பள்ளிகள் பெரும்பாலும் நகரத்துத் தனியார் பள்ளிகள். வேலைவாய்ப்பை நம்பிப் பிரெஞ்சை எடுக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவி, விடைகளை உருப்போட்டு எழுதித் தேறிவிடுகிறார். வாய் திறப்பதில்லை.

திறக்க நேரமும் இல்லை. 60 பேர் கொண்ட வகுப்பு, வாரத்துக்கு 50 நிமிடப் பாடவேளைகள் ஐந்து என்று கொள்வோம். ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாமல் முழு நேரத்தையும் மாணவர்களுக்கே கொடுத்தாலும், ஒருவருக்கு வாரம் நான்கு நிமிடங்களே கிடைக்கும். 15 வாரப் பருவத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிரெஞ்சு அரசின் 'டெல்ஃப்' தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்குக்கும் தலா 25 மதிப்பெண். நம் மாணவர்கள் அதில் எங்கே தடுமாறுவார்கள் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

மூத்த மாணவர் ஒருவரை இளைய மாணவருடன் இணைத்து, வாரம் இருமுறை அரைமணி நேரம் உரையாடச் செய்தால், இளையவர் பேசும் நேரம் நான்கிலிருந்து முப்பது நிமிடமாகிறது. வேறெந்தச் சீர்திருத்தத்தாலும் இவ்வளவு குறைந்த செலவில் இந்தப் பெருக்கத்தைத் தர இயலாது. கற்பிப்பவருக்கும் ஆதாயம் உண்டு. ஒரு விதியைப் பிறருக்கு விளக்கும்போதுதான் அது நமக்கே எவ்வளவு அரைகுறையாகத் தெரியும் என்பது புலப்படுகிறது. முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

சக மாணவருக்கு இன்னொரு வலிமையும் உண்டு: அவர் தமிழில் விளக்கலாம். பல வகுப்புகளில் பிரெஞ்சு ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்கப்படுகிறது. ஆனால், பிரெஞ்சின் சில கூறுகளுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழே அண்மையில் நிற்கிறது. 'தூ', 'வூ' என்ற இரு முன்னிலைச் சொற்களை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி வேண்டும். 'நீ', 'நீங்கள்' என்றால் தமிழ் மாணவருக்கு ஒரு நொடியில் விளங்கும். யாரிடம் எதைப் பயன்படுத்துவது என்ற கூச்சம் உட்பட. வினைச்சொல்லின் ஈறு இடத்துக்கேற்ப மாறுவதும் 'போகிறேன், போகிறாய்' என்று பழகியவருக்குப் புதிதன்று. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதுதான் அஃறிணை அறிந்தவரைத் திகைக்க வைக்கும். எழுபதை 'அறுபதும் பத்தும்' என்றும், எண்பதை 'நான்கு இருபது' என்றும் சொல்லும் எண்முறையும் அப்படியே. (பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்குத் தனிச்சொல்லே உண்டு என்பது மாணவர்களுக்குச் சிறு ஆறுதல்.) இவற்றில் தாம் இடறி விழுந்த இடம் மூத்த மாணவருக்குப் பசுமையாக நினைவிருக்கும். பேராசிரியர் அதைக் கடந்து பல்லாண்டுகள் ஆகியிருக்கும்.

இந்த முறை நமக்கு இறக்குமதியும் அன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் சட்டாம்பிள்ளை இருந்தார். 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், அருகிலிருந்த உள்ளூர்ப் பள்ளியில் குழந்தைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த சிறுவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்தார். 1797-இல் லண்டனில் அதை நூலாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்றே அது பெயர் பெற்றது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற நிதியில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். ஜோசப் லங்காஸ்டர் இதையொத்த முறையைப் பரப்ப, 1815-இல் பாரீஸில் தோன்றிய தொடக்கக் கல்விச் சங்கம் அதை பிரான்ஸ் முழுவதும் கொண்டுசென்றது. பிரெஞ்சுக் குழந்தைகள் பிரெஞ்சு கற்ற முறையில் எழும்பூருக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது.

ஆனால், அந்த முறை பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் நிலைக்கவில்லை. ஏன் என்பதை நம் கல்லூரி நிர்வாகங்கள் கவனிக்க வேண்டும். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்குப் பாடம் நடத்தலாம் என்ற சிக்கனமே அதன் கவர்ச்சியானது. சிறுவர்கள் தாங்கள் அரைகுறையாக அறிந்ததை அப்படியே ஒப்பித்துக் கடத்தினார்கள். ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு துறைகள் ஓடும் இக்காலத்தில், 'மாணவர்களே கற்பிக்கிறார்களே' என்ற வாதம் எங்கிருந்து வரும், எதற்குப் பயன்படும் என்பதை ஊகிக்க முனைவர் பட்டம் தேவையில்லை. மூக்கொலி உயிர்களும், சொல்லிறுதியில் ஒலிக்காத மெய்களும் நிறைந்த மொழியில், தவறான உச்சரிப்பு ஒருமுறை படிந்துவிட்டால் கழற்றுவது கடினம். மூத்த மாணவர்களை வாரம் ஒருமுறை சந்தித்துத் திருத்தும் ஆசிரியர் இல்லாமல் இத்திட்டத்தைத் தொடங்கக் கூடாது. மதிப்பெண் வழங்கும் பொறுப்பும் மாணவரிடம் போகக் கூடாது.

அமெரிக்காவில், கன்சாஸ் சிட்டியிலுள்ள மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1973-இல் தொடங்கிய ஒரு திட்டம் இங்கே கருதத் தக்கது. அது பின்தங்கிய மாணவரைத் தேடாமல் கடினமான பாடத்தைத் தேடியது. அப்பாடத்தில் முன்பே சிறந்து விளங்கிய மாணவர் மீண்டும் அதே வகுப்பில் அமர்ந்து, பின்னர் விருப்பமுள்ள அனைவருக்கும் கலந்துரையாடல் நடத்துவார். 'மந்தமானவர்' என்ற முத்திரை எவர்மீதும் விழுவதில்லை. நம் கல்லூரிகளில் தனிப் பயிற்சி வகுப்பு என்றாலே மாணவர்கள் ஒதுங்குவதற்கு அந்த முத்திரைதான் காரணம்.

கற்பிக்கும் மாணவரின் நேரத்துக்கு என்ன விலை? மாலையில் பகுதிநேர வேலைக்குச் செல்லும் மாணவரால் இலவசத் தொண்டு செய்ய இயலாது. இலவசம் என்றால் வசதியானவர்களே பயிற்றுநர்களாவார்கள். கற்பித்தலால் கிடைக்கும் ஆதாயமும் அவர்களுக்கே போய்ச் சேரும். இளநிலைப் பாடத்திட்டத்தின் ஐந்தாம் பகுதியில் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு ஆகியவற்றுக்கு ஏற்கெனவே மதிப்பலகு உண்டு. ஒரு பருவம் முழுவதும் இரு மாணவர்களைப் பேச வைத்தவருக்கும் அதைத் தருவதற்குப் பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். அத்துடன் டெல்ஃப் தேர்வுக் கட்டணத்தைக் கல்லூரியே செலுத்தலாம்.  அடுத்த கல்வியாண்டுக்கான கால அட்டவணை வகுக்கும்போதே, மாலையில் விடுதிக்கும் பேருந்துக்கும் மாணவர்கள் கலைந்துசெல்லும் முன் இதற்கென இரண்டு பாடவேளைகளை ஒதுக்க வேண்டும்.