என்ன எடுக்கப் போறியள்?

ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த என் அக்காவின் மகன் போன ஆனியில் திருகோணமலையில் வந்து இறங்கினான். கழுத்தில் தொலைநோக்கி, காலில் கணுக்கால் மூடிய சப்பாத்து, வாயில் ஒரே சொல்: ஹைக்கிங். முதலில் பிரட்றிக் கோட்டைக்குக் கூட்டிப்போய்ப் புள்ளிமான்களைக் காட்டினேன். ஒரு கொம்புமான் யாரோ எறிந்துவிட்டுப்போன லஞ்ச் ஷீற்றை அவசரமில்லாமல் மென்றுகொண்டு நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தான். "மாமா, இது மிருகக்காட்சிசாலையும் இல்லை, காடும் இல்லை" என்றான். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இருபது வருசமாக ஊருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த மான்களைத்தான் காட்டி வருகிறேன்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன், விடியக் கன்னியாப் பக்கம் காட்டுக்குப் போகிறோம் என்று. புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"என்ன எடுக்கப் போறியள்?"

"ஒண்டும் எடுக்க இல்லை அம்மா. சும்மா பார்க்க."

"காட்டில என்ன கிடக்கு பார்க்க? காடுதான் கிடக்கு."

அம்மாவின் கணக்கில் காட்டுக்குப் போவதற்குக் காரணங்கள் உண்டு. விறகு, தேன், பந்தலுக்குத் தடி, தொலைந்த மாடு. இன்னொன்றும் உண்டு, அதை அவர் சொல்வதில்லை.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தெரியாதவர் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்பது கதை. வாளியால் அள்ளிக் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கிணற்றைத் தாண்டிப் பார்ப்பதில்லை. தாண்டினால் காடு. நகரத்தின் முதுகுப்பக்கம் கிடக்கும் இந்தக் காடுகளில் ஒரு பெருந்துண்டு, ஏறத்தாழ 18,000 ஹெக்டேயர், 1963இல் சரணாலயமாக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் கடற்படைத் தளத்தின் நீர் ஏற்பாடுகளை ஒட்டியது. யானையும் கரடியும் குடியிருக்கும் இடத்துக்குக் குழாய்த் தண்ணீரின் பெயர். துறைமுகத்து ஊர் அப்படித்தான், எதையும் கப்பலில் இருந்து பார்த்தே பெயர் வைக்கும்.

ஆனியில் அந்தக் காட்டுக்குள் நிற்கிறவன் இது பாலைவனம் என்றுதான் சொல்வான். குளத்தின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மருமகன் முந்தின வருசம் அரிசோனாவில் சாகுவாரோ தேசியப் பூங்காவில் நடந்திருக்கிறான். அங்கே மழை ஆண்டுக்கு 300 மில்லிமீற்றரைச் சுற்றித்தான். ஆளுயரத்தைப்போல் ஆறேழு மடங்கு வளரும் கள்ளிகள் அதை உடம்புக்குள் சேர்த்து வைத்துச் சீவிக்கின்றன. இங்கும் அவ்வளவுதானா என்று கேட்டான். இல்லை. எங்களுக்கு 1,500க்கு மேல். மழைக்குப் பேர்போன லண்டனுக்கே 600தான். ஆனால் எங்களுடையது ஐப்பசியில் தொடங்கித் தைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசி தொட்டு வீசும் தென்மேல் காற்று ஈரத்தை எல்லாம் மலைநாட்டில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடும் சூட்டோடும் எங்களிடம் வரும். அதுதான் கச்சான். "கச்சான் எண்டால் திருவிழாவில விக்கிறதெல்லோ?" என்றான் பிள்ளை. கோயில் வீதியில் சரையில் வாங்கித் தின்பதும் கச்சான்தான். இது உதட்டை வெடிக்கவைக்கும் கச்சான்.

வழிகாட்டியாக வந்தவர் ஒரு பட்டிக்கார அண்ணை. நாற்பது மாடு வைத்திருக்கிறார். காட்டைப் பார்க்கவென்று யாரும் தன்னைக் கூப்பிட்டதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மாட்டுத்தடம் காட்டுக்குள் இறங்கும் இடத்தில் நின்று, கைக்கெட்டிய ஒரு குழையை முறித்து மரக்கொப்பில் செருகினார். அந்தக் கொப்பில் ஏற்கெனவே காய்ந்த குழைகள் பல தொங்கின. "பிள்ளையாருக்கு" என்றார். காட்டுக்குள் போகிறவன் கொடுக்கும் கட்டணம் அது. மருமகனும் ஒன்று முறித்துச் செருகினான். எனக்கு அந்த நேரம் நுழைவுச்சீட்டு வாங்கும் கவுண்டர்கள் ஞாபகம் வந்தன.

அரை மணி நடந்ததும் அண்ணை குந்தினார். தடத்தின் ஓரம் கரிய எச்சக் குவியல். ஒரு குச்சியால் கிளறினார். உள்ளே முழுக்க விதைகள், மெருகு பூசியதுபோல் பழுப்பாகப் பளபளக்க. "பாலை விதை. கரடி. ராத்திரிப் போட்டது." நிமிர்ந்து பக்கத்து மரத்தைக் காட்டினார். அடிமரத்துப் பட்டையில் சமாந்தரமாக நகக் கீறல்கள், ஆள் உயரத்துக்கும் மேலே ஏறிப்போயின. பாலை பழுத்தால் கரடிக்கு வேறு யோசனை கிடையாது. ஏறி இருந்து தின்னும். காட்டுக்குப் போகிறவர்கள் யானையை விடக் கரடிக்குத்தான் பயப்படுவார்கள். யானை துரத்தும், கரடி முகத்தைப் பிடிக்கும் என்பது பட்டிக்காரர் வாய்மொழி. தின்று போட்ட விதைதான் நன்றாக முளைக்கும் என்றும் அண்ணை சொன்னார்.

அண்ணாந்து பார்த்தால் அந்த மரத்தில் ஒரு இலை வாடியிருக்கவில்லை. வீரையும் அப்படியே நின்றது. தோல்போல் தடித்த இலை, எங்கேயோ ஆழத்தில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் வேர். பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தப் பெயரைச் சுமக்கும் மரம் எங்கள் பக்கத்தில் நிழல் தருகிறது, பழம் தருகிறது.

தச்சர்களின் கண் என்னவோ முதிரையிலும் கருங்காலியிலும் சாவண்டலையிலும்தான். சாவண்டலையை ஆங்கில மர வியாபாரிகள் 'திருகோணமலை மரம்' என்றே எழுதினார்கள். சென்னைக் கரையில் துறைமுகம் இல்லாத காலத்தில் அலையைத் தாண்டி ஆட்களைக் கப்பலில் சேர்த்த மசூலாப் படகுகளுக்கு இந்தப் பலகை போயிருக்கிறது. சிங்களத்தில் ஹல்மில்ல, தென்னஞ்சாராயத்தை முதிரவைப்பது ஹல்மில்லப் பீப்பாயில். ஊர்ப் பெயரோடு உலகத்துக்குப் போன மரம். அன்று காலை முழுக்க நடந்து அண்ணை எனக்குக் காட்டியது ஒன்றே ஒன்று, என் தொடை மொத்தத்தில்.

பிறகுதான் அது நடந்தது. இரண்டு இருவாட்சிகள், இறகு சத்தம் கேட்கும் அளவு தாழப் பறந்துபோய் அடுத்த பாலையில் இறங்கின. மருமகன் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தபடியே தடத்தை விட்டுப் பற்றைக்குள் கால் வைத்தான்.

"நில்லடா!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பறவைகள் எழும்பிப் போய்விட்டன. அண்ணை என்னைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். "இங்க இல்லைத் தம்பி. இதுக்குள்ள என்ர மாடு எல்லா இடமும் நடந்திட்டுது" என்றார்.

பிள்ளைக்கு விளங்கவில்லை. பாம்பா என்று கேட்டான். ஓம் என்றேன். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளுக்கு நடுவே நடக்கப் பழகியவர்களுக்கு ஒரு விதி உண்டு: மாடு நடந்த இடத்தில் மட்டும் கால் வை. சண்டை முடிந்து இத்தனை வருசமாகியும் என் கால் மறக்கவில்லை. அந்த விதியை ஒரு விடுமுறைக் காலையில், பறவை பார்க்க வந்தவனுக்கு எப்படிச் சொல்வது? வீடு போகும்வரை முன்னால் நடக்கச் சொல்லி, அவன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வரும்போது அண்ணை தாழ்ந்த கொப்பொன்றை வளைத்துப் பிடிக்க, ஒரு கடதாசிப் பை நிறையப் பாலைப்பழம் பறித்தோம். வேப்பம்பழம் அளவுதான், மஞ்சள், தேன்போல இனிப்பு. நாலைந்து தின்றால் பால் ஒட்டி உதடு பிரியாது. மருமகன் இருபது தின்றுவிட்டுப் பேச முடியாமல் சைகை காட்டிக்கொண்டு வந்தான்.

அம்மா பையை வாங்கி உள்ளே பார்த்தார். "இதுக்கோ நாலு மணிக்கு எழும்பினனீங்கள்?" பிறகு வாசல் படியில் இருந்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டார். இன்னொன்று. விதையைக் கையில் வைத்துப் பார்த்தார்.

"தொண்ணூறில காட்டுக்க கிடந்ததும் ஆனிதான்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

எனக்கு அப்போது பத்து வயது. நுளம்பு மட்டும்தான் ஞாபகம்.

"இரவில தடவித் தடவிப் பறிச்சனாங்கள். காயோ பழமோ தெரியாது. உன்ர வாய் ஒட்டி, நீ அழக்கூட ஏலாமல் இருந்தனி. அது நல்லதாப் போச்சு."

மருமகன் உதட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அம்மா அவன் நாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவரச் சொன்னார்.