அன்று வெள்ளம் வரவில்லை. ஆனாலும் திரும்பியது சரிதான்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் நாங்கள் ஒன்பது பேர் புளியஞ்சோலையிலிருந்து ஐயாற்றோடு மேலேறி ஆகாய கங்கை அருவிக்குக் கிளம்பினோம். அனுமதி வாங்கி, உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் போனோம். பாதி வழியைத் தாண்டியபின் நான் "திரும்பிடலாம்" என்றேன். திரும்பினோம். அன்று வெள்ளம் வரவில்லை. அன்றிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எனக்குப் பெயர் 'பயந்தாங்கொள்ளி வாத்தியார்'.

கேலி எனக்குப் புதிதல்ல. முப்பது வருஷம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவன் நான். ஆனால் "ஒண்ணும் ஆகலையே, அநியாயமா அருவியைக் கெடுத்துட்டாரே" என்று பேசுகிறீர்களே, அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது.

முதலில் அந்த வழியைப் பற்றி. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் பார்ப்பது ஒரு வழி. நாங்கள் போனது திருச்சி மாவட்டப் பக்கம், அடிவாரத்திலிருந்து ஆற்றுக்குள்ளேயே ஏறும் வழி. அங்கே பாறைதான் பாதை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டும், வழுக்கும் இடத்தில் உட்கார்ந்து இறங்க வேண்டும், முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டும். பல இடங்களில் இரண்டு பக்கமும் மலைச்சரிவு நெருக்கிக்கொண்டு நிற்கும். தண்ணீர் ஏறினால் ஒதுங்க இடம் தேட வேண்டும்.

ஐந்து ஓடைகள் சேர்ந்ததால் ஐயாறு என்பார்கள். அந்த ஓடைகள் எல்லாம் மலைமேல் இருக்கின்றன. அங்கே பெய்கிற மழை ஆகாய கங்கையாகச் சுமார் 300 அடி விழுந்து, இந்த இடுக்கு வழியாகத்தான் புளியஞ்சோலைக்கு வந்தாக வேண்டும். வேறு வழி அதற்குக் கிடையாது. அகலமான ஆற்றில் வெள்ளம் பரவும். இடுக்கில் பரவ இடமில்லாததால் உயரும், வேகம் எடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் ஆளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. நீச்சல் தெரியும் என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அன்று நான் பார்த்தது இதுதான். காலையில் கூழாங்கல் தெரிந்த தண்ணீர், பதினொரு மணிக்கு டீ நிறத்துக்கு மாறியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. நாங்கள் பை வைத்திருந்த கல்லின் அடியை அதுவரை தொடாத தண்ணீர் தொட்டது. என் மாப்பிள்ளை, "மாமா, வானம் பளிச்சுனு இருக்கே" என்றார். வானம் பளிச்சென்றுதான் இருந்தது. கூட வந்த உள்ளூர்க்காரர் மட்டும், "மேல பேஞ்சிருக்கும். ஐயா சொல்றதுதான் சரி" என்றார்.

நம் தலைக்கு மேலிருக்கும் வானத்துக்கும் இந்த ஆற்றுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். அமெரிக்காவின் அரிசோனாவில் ஆண்டிலோப் கேன்யன் என்று ஒரு குறுகிய பாறை இடுக்கு. 1997 ஆகஸ்ட் 12 அன்று பல மைல் தள்ளிப் பெய்த மழையின் வெள்ளம் அதற்குள் புகுந்து 11 பேர் இறந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் 17 வயதுப் பையன் ஒருவனைக் காட்டாற்று வெள்ளம் கொண்டுபோனது. அவன் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயது.

2021 அக்டோபரில் ஆத்தூர் அருகே ஆணைவாரி முட்டல் அருவியில் வெள்ளத்தில் சிக்கிய தாயையும் குழந்தையையும் இளைஞர்கள் பாறையில் ஏறிக் காப்பாற்றிய வீடியோவை நம் குழுவில் எத்தனை பேர் பகிர்ந்தீர்கள்! கைதட்டினோம், கண்கலங்கினோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒருவராவது கேட்டோமா?

"ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஹெல்மெட் போட்டுக் கடைக்குப் போய் விழாமல் வீடு திரும்பினால், ஹெல்மெட் வீண் என்பீர்களா? அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் முடிவு எடுக்க முடியும். பிறகு நடந்ததை வைத்து அந்த முடிவுக்கு மார்க் போடக் கூடாது. பத்துத் தடவை வீணாகத் திரும்பினால் பத்து அருவிக் குளியல் போகும். ஒரு தடவை திரும்பாமல் போனால்?

"எல்லாம் விதி" என்கிற பெரியவர்களுக்கும் சொல்கிறேன். கலங்கிய தண்ணீர் கண் முன்னால் வரும்போது நடந்துகொண்டே இருந்துவிட்டு விதியைக் குறை சொல்வது நியாயமில்லை. "அருவியை எல்லாம் இழுத்து மூடுங்க" என்பவர்களையும் நான் ஏற்கவில்லை. மழைக் காலத்தில் மூடுவது சரி. வருஷம் முழுக்க மூடினால் பிள்ளைகள் ஆற்றைப் பார்க்காமலே வளர்ந்து, திருட்டுத்தனமாகப் போய்ச் சாவார்கள்.

என் பங்குக்கு என் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். 'நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன?' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்டேன், நீங்களும் வரி மாறாமல் எழுதினீர்கள். ஒருநாளாவது ஓர் ஓடைக்கரையில் உங்களை நிறுத்தி, "இந்தத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது?" என்று கேட்கவில்லை. நாற்பது வயதில் உங்களில் சிலர் வானத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆற்றில் இறங்குகிறீர்கள் என்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

இப்போதாவது அந்தப் பாடத்தை முடித்துவிடுகிறேன். கிளம்பும் முன் மலைமேல் மழையா என்று அங்கிருப்பவரிடம் கேளுங்கள். ஆற்றோரம் ஒரு கல்லை அடையாளம் வைத்து அடிக்கடி பாருங்கள். தண்ணீர் கலங்கினாலோ, சருகு வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ பையை விட்டுவிட்டுப் பக்கத்து மேட்டில் ஏறுங்கள். செல்ஃபி வேண்டாம், விவாதம் வேண்டாம்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் மறுபடி அதே வழியில் போகிறேன். எனக்கும் அந்த அருவியைக் கீழிருந்து பார்க்க ஆசைதான். வருகிறவர்கள் கமெண்டில் பெயர் போடுங்கள். ஒரே நிபந்தனை: யாராவது ஒருவர், அது பத்து வயதுப் பேரனாக இருந்தாலும், "திரும்பலாம்" என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பயந்தாங்கொள்ளி வாத்தியார்