கடைசிச் செலவுக்கு ஒரு முடிச்சு

2022 ஜூலை 31, நள்ளிரவு தாண்டி முக்கால் மணி நேரம் இருக்கும். கூச்சிங் வானத்தில் தீப்பிழம்புகள் வரிசை கட்டி ஊர்ந்து போயின. கைத்தொலைபேசியில் படம் பிடித்த சிலர் எரிகல் என்றே நினைத்தார்கள். சரவாக் வான்வெளியைக் கடந்தது சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் உடல் என்று மலேசிய விண்வெளி நிறுவனம் பிறகு தெளிவுபடுத்தியது. ஒரு வாரம் முன்பு சீன விண்நிலையத்தின் ஒரு பகுதியை மேலே கொண்டுபோய்ச் சேர்த்த 20 டன்னுக்கும் கூடுதலான வெற்றுக் கூடு அது. தானாக எங்கே விழுகிறதோ விழட்டும் என்று விடப்பட்டிருந்தது. போர்னியோ தீவில் கருகிய உலோகத் துண்டுகளும் கிடைத்தன. பார்க்க அச்சு அசல் சினிமாக் காட்சிதான். ஆனால் சினிமா சொல்லாத ஒன்று அதில் உண்டு. அந்தக் கூடு இப்படி விழும் என்பது, அது தரையை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவாகியிருந்தது.

விண்குப்பை என்றதும் பலருக்கு நினைவு வருவது 2013இல் வந்த ‘கிராவிட்டி’. அதில் பிழை கண்டுபிடிப்பது எளிது. ஹபிள் தொலைநோக்கியும் சர்வதேச விண்நிலையமும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு சாய்வில் சுற்றுபவை. முதுகில் கட்டிய உந்துகருவியோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விட முடியாது. விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் பாயும் துண்டைக் கண்ணால் கண்டு ஒதுங்கவும் முடியாது. ஆனாலும் படத்தை அப்படியே தள்ளிவிடுவதற்கில்லை. கதையில் ரஷ்யா தன் செயற்கைக்கோள் ஒன்றைத் தானே ஏவுகணையால் உடைக்கிறது. நிஜத்திலும் 2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா தன் காஸ்மோஸ் 1408 செயற்கைக்கோளை உடைத்தது; 1,500க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. சர்வதேச விண்நிலையத்தில் இருந்த 7 பேரும் தத்தம் கலங்களுக்குள் ஒதுங்கினார்கள். துண்டுக் கூட்டத்தை நிலையம் கிட்டத்தட்ட 90 நிமிடத்துக்கு ஒருமுறை கடந்தது. படத்தில் வரும் கணக்கும் அதே 90 நிமிடம்தான். ஆக, படத்தின் பெரிய பிழை இயற்பியலில் இல்லை. குப்பை பாய்ந்து வரும் நேரத்தில் ஒரு துணிச்சல்காரர் சமாளித்துவிடலாம் என்ற எண்ணத்தைத் தருகிறதே, அதில்தான் இருக்கிறது.

உண்மையில் குப்பையின் ஆயுளை முடிவு செய்வது உயரம். மலேசியாவின் ரெங்கம் ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் பழக்குலையோடு மட்டையும் வெட்டுப்படும். அதை நிரையில் ஒதுக்கி அடுக்கினால்தான் வண்டிக்குப் பாதை. அடுக்கிய மட்டை நாளடைவில் மக்கி மண்ணாகிவிடும். விண்ணில் மக்கவைக்கும் வேலையைச் செய்வது எஞ்சியிருக்கும் மெல்லிய காற்று. 300, 400 கிலோமீட்டரில் அது மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ பொருளை இழுத்து எரித்துவிடும். 700ஐ நெருங்கினால் பல பத்தாண்டுகள் ஆகும். 1,000ஐத் தாண்டினால் நூற்றாண்டுக் கணக்கு. நம் மலேசியாவின் ராசாக்சாட் செயற்கைக்கோள் 2009 ஜூலை 14 அன்று ஃபால்கன் 1 ராக்கெட்டில் ஏறி, ஏறத்தாழ 685 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டி நிலைகொண்டது. மூன்றாண்டு உழைக்க வேண்டியது, சுமார் ஓராண்டில் ஓய்ந்துபோனது. ஓய்ந்தாலும் ஓட்டம் நிற்கவில்லை. சுமார் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ரெங்கத்து வானத்தைக் கடக்கிறது, 180 கிலோ எடையுள்ள அந்த ஊமைப் பொருள்.

வானம் அவ்வளவு விரிந்தது, ஒரு சிறு நாட்டின் ஒரு செயற்கைக்கோளால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஒரு தனி மனிதர் தலையில் துண்டு விழும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே மோதிக்கொண்டவை இரண்டே செயற்கைக்கோள்கள்: வேலையில் இருந்த இரிடியம் 33, என்றோ செத்துப்போன காஸ்மோஸ் 2251. அந்த ஒரு மோதலில் பின்தொடரத்தக்க துண்டுகள் மட்டும் சுமார் 2,000 பிறந்தன. செத்த கோளால் விலக முடியாது. விலகும் பொறுப்பு முழுவதும் உயிரோடிருப்பவற்றின் தலையில் விழுகிறது. நட்ட ஈட்டுக்குச் சட்டம் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். 1972ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கைப்படி, தரையில் விளையும் சேதத்துக்கு ஏவிய நாடே ஈடு கொடுக்க வேண்டும். 1978இல் கனடாவில் விழுந்த அணு உலைக் கோளுக்காக சோவியத் ஒன்றியம் 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்தது. கனடா கேட்டதோ அதைப் போல் இரு மடங்கு. அதுவும் துண்டின் உரிமையாளர் யாரென்று தெரிந்ததால் கிடைத்தது. விண்ணில் ஒரு சிறு சில்லு கோளைத் துளைத்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

எனவே மேலே போகும் முன்பே கணக்குத் தீர வேண்டும். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011இல் அனுப்பிய மேகா டிராபிக்ஸ் செயற்கைக்கோள் 860 கிலோமீட்டருக்கு மேல் சுற்றியது. விட்டிருந்தால் 100 ஆண்டுக்கும் மேல் அங்கேயே கிடந்திருக்கும். வேலை முடிந்தபோது தொட்டியில் சுமார் 120 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. அதைச் செலவழித்தே படிப்படியாக இறக்கி, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலுக்கு மேலே எரியவைத்தார்கள். இதைப் படமாக எடுத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள்; சில பொறியாளர்கள், கொஞ்சம் எரிபொருள், அவ்வளவுதான் கதை. நம் தோட்டத்துப் பாட்டிமார் தங்கள் கடைசிச் செலவுக்கென்று முந்தானையில் கொஞ்சம் காசு முடிந்து வைப்பார்கள். மரண சகாய நிதிக்குச் சந்தாவும் தவறாது. பிள்ளைகள் மீது நம்பிக்கை இல்லாமல் அல்ல, யாருக்கும் பாரமாகக் கூடாது என்ற ரோஷம். மலேசியா 2022இல் விண்வெளி வாரியச் சட்டம் இயற்றியிருக்கிறது. இனி இங்கிருந்து கோள் அனுப்ப வருபவரிடம், எவ்வளவு துல்லியமாகப் படமெடுக்கும் என்று விசாரிக்கும் முன், அந்த முடிச்சில் எவ்வளவு இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.