கவுன்சிலிங் யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. தினமும் காலையில் குட் மார்னிங் படம் அனுப்பும் நேரத்தில் இதைப் படித்துவிடலாம்.

போன மாதம் செங்கல்பட்டில் ஒரு வளைகாப்பு. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த உறவினர் தன் மகனைப் பற்றிச் சொன்னார். நீட்டில் இரண்டு தடவை மார்க் வரவில்லை. பையன் பகலெல்லாம் தூங்குகிறான், ராத்திரியெல்லாம் போன் பார்க்கிறான், யாரோடும் பேசுவதில்லை. "கவுன்சிலிங் அனுப்பிக்கிட்டுதான் இருக்கோம். இப்ப அந்த மேடம் எங்க ரெண்டு பேரையும் வரச் சொல்றாங்க. பிரச்சனை அவனுக்கு. நாங்க எதுக்கு?" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் சம்மதித்தார்.)

இன்னொரு வீடு எனக்குத் தெரியும். ஊர் பேர் வேண்டாம். அங்கே கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசி இரண்டு வருடம் ஆகிறது. "சாப்பாடு ஆச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "கரண்ட் பில் கட்டியாச்சான்னு உங்கம்மாவைக் கேளு." எட்டாவது படிக்கும் பெண்தான் அந்த வீட்டுக்குத் தபால்காரி. அவளுக்கு வாராவாரம் வயிற்றுவலி. எல்லா ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. இந்தக் குழந்தையை மட்டும் ஒரு அறையில் உட்கார வைத்து வாரம் ஒருமணி நேரம் பேசினால் என்ன ஆகும்? திரும்பி வந்ததும் மறுபடி தபால் பைதானே? அங்கே மூன்று பேரும் சேர்ந்து போய் உட்கார வேண்டும். குடும்ப சிகிச்சை என்பது அதற்குத்தான். ஒருவரை நோயாளி என்று காட்டாமல், அந்த வீட்டில் பேச்சு எந்த வழியாகப் போகிறது, எங்கே அடைத்துக்கொள்கிறது என்று பார்ப்பது.

இதற்கு நேர் எதிரான தப்பும் நம்மிடம் உண்டு. பிள்ளை தனியாகப் பேச வேண்டிய இடத்தில் அப்பா, அம்மா, பெரியப்பா, மாமா எல்லோரும் நாற்காலி போட்டு உட்காருவோம். "எங்களுக்குத் தெரியாம என்ன ரகசியம்?" என்று கேட்போம். ஆக, கூட்டமாகப் போக வேண்டிய இடத்துக்கு ஒருத்தரை அனுப்புகிறோம். ஒருத்தரை அனுப்ப வேண்டிய இடத்துக்குக் கூட்டமாகப் போகிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பெரியவர்களை யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். நன்றாகக் கணக்குப் போடுகிறவள், திடீரென்று நோட்டில் ஒன்றும் எழுதாமல் விட்டாள். அப்பா மாமல்லபுரத்தில் கல் வேலை. நான் பெரிய அக்கறையோடு அப்பா அம்மா இருவரையும் பள்ளிக்கு வரவழைத்தேன். ஆசிரியர் அறையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். "உனக்கு என்ன பிரச்சனை? பயப்படாம அவங்க முன்னாடியே சொல்லும்மா" என்றேன். "சார் கேக்குறாரில்ல, சொல்லு" என்றார் அப்பா. அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அழுத்தக்காரி என்று முடிவு செய்தேன். அடுத்த வருடம் அவள் பள்ளிக்கு வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் "சார், என்னைத் தெரியுதா?" என்று ஒரு குரல். அவளேதான். இரண்டு பிள்ளைகள். டீ வாங்கிக் கொடுத்தாள். பேச்சு அந்த நாளுக்குத் தானாகவே வந்தது. "அப்பா அம்மாவை அடிக்கிறதை அப்பா முன்னாடியே எப்படி சார் சொல்லுவேன்? நீங்க அவரை அஞ்சு நிமிஷம் வெளியே அனுப்பியிருக்கலாம்" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. சாதாரணமாகத்தான் சொன்னாள். அஞ்சு நிமிஷம். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

அடி, மிரட்டல், பாலியல் தொல்லை இருக்கும் வீட்டில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைப்பது மருந்து ஆகாது. அங்கே வாய் திறந்தவருக்கு வீட்டுக்குப் போனதும் உதை விழும். அதனால்தான் விவரம் தெரிந்த ஆலோசகர்கள் குடும்பமாக வந்தாலும் முதலில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்காமல் எடுத்த எடுப்பில் "சமாதானமாப் போங்க" என்று சொல்கிறவர் ஆலோசகர் இல்லை, நம் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்.

"யாருக்குக் கவுன்சிலிங்?" என்ற கேள்விக்கு நான் கேள்விப்பட்டதிலேயே சிறந்த பதில் ஒரு நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பி, வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நம் வழக்கப்படி என்ன செய்வோம்? அந்த இரண்டு பெண்களைத் திருத்தச் சொல்லி டாக்டரிடம் தள்ளுவோம். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பெண்களையும் அனுப்பினார், பெற்றோரையும் உளவியலாளரிடம் அனுப்பினார். அறிக்கை வந்தது. பெண்கள் தெளிவாக இருக்கிறார்கள், பெற்றோர்தான் ஊர் என்ன சொல்லுமோ என்று தவிக்கிறார்கள் என்று தெரிந்தது. அதன் பிறகு அவர் செய்ததுதான் விசேஷம். இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, அதே உளவியலாளரிடம் தானும் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான், ஜூன் 7ஆம் தேதி, விரிவான உத்தரவு போட்டார். இப்படிப்பட்டவர்களை மருத்துவத்தால் மாற்றுகிறேன் என்று முயல்வதற்கே அதில் தடை போட்டார். ஒரு உயர் நீதிமன்ற நீதிபதி போகலாம். நம் வீட்டு அப்பாவுக்கு மட்டும் கௌரவம் இடிக்கிறது.

சில உறவுகள் கேட்பார்கள், "நம்ம நாட்டுல குடும்பம்தானே மருந்து? தனியாப் போய்ப் பேசறதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று. பாதி சரி. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் போட்டு, நோயாளிகளோடு வீட்டாரையும் தங்க வைத்தார். நம் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் 1957இல் தொடங்கியது முதல் வீட்டாரைச் சேர்த்தே வைத்தியம் பார்த்த இடம். மனச்சிதைவு போன்ற நோய்களில் மாத்திரையோடு வீட்டாருக்கும் பயிற்சி கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் கூட இருந்தவர்களும் அந்தக் காலத்திலேயே கண்டார்கள்: சதா குத்திக்காட்டும் வீட்டுக்கும், மூச்சுமுட்டப் பொத்திப் பொத்தி வளர்க்கும் வீட்டுக்கும் திரும்பியவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது. பின்னால் சண்டிகரில் பார்த்தபோது அப்படிப்பட்ட வீடுகள் லண்டனைவிடக் குறைவாகத்தான் இருந்தன. பெருமைப்படுங்கள். ஆனால் அமிர்தசரஸ் கூடாரத்துக்கு வீட்டார் போனது கூட இருக்கவும் கற்றுக்கொள்ளவும்தான். தீர்ப்புச் சொல்லப் போகவில்லை.

குடும்பமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கோவளம் பக்கம் போனால் 'பேனியன்' அமைப்பின் இடங்களைப் பாருங்கள். 1993இல் தெருவில் விடப்பட்ட பெண்களுக்காகச் சென்னையில் தொடங்கிய அமைப்பு அது. "வீட்டார் வந்தால்தான் வைத்தியம்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்களின் கதி என்ன?

ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் என் மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆப் மூலமாக இரண்டு வருடம் அம்மாவைப் பற்றியே பேசுகிறீர்கள். அம்மாவுக்கு அதில் ஒரு வரி தெரியாது. தனியாகத் தொடங்கியது சரி. இனி அம்மாவை ஒருநாள் அழைக்கலாமா என்று உங்கள் ஆலோசகரிடம் கேட்டீர்களா? அம்மா பாவம், நீங்கள் ஏன் போனை எடுப்பதில்லை என்று என்னைக் கேட்கிறார்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2017 மனநலச் சட்டப்படி, 18 வயது நிரம்பியவர் ஆலோசகரிடம் சொன்னதைப் பெற்றோர் உரிமையோடு கேட்டு வாங்க முடியாது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் விதிவிலக்கு. தனக்காகப் பேச யார் வேண்டும் என்பதை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரே நியமிக்கலாம். அது சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று இல்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, காசு கேட்க மாட்டார்கள். ராத்திரி அவசரம் என்றால் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். எங்கே போனாலும் முதல் நாளே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: "நான் தனியாகச் சொல்வதை மற்றவர்களிடம் சொல்வீர்களா?"

வளைகாப்பு உறவினர் நேற்று போன் செய்தார். "சரி, ஒரு தடவை போய்ப் பார்க்கிறோம்" என்றார். சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியிலேயே, "நீங்களும் கூட வாங்களேன், பெரியவரா இருந்து நாலு வார்த்தை அவனுக்குச் சொல்லுங்க" என்றார்.

வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.