அயர்லாந்தின் தண்ணீர்க் கட்டணம்: இலவச மோகமா?

அயர்லாந்தில் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் தோற்றதற்கு மக்களின் இலவச மோகமே காரணம் என்னும் வாதம் பாதி வரலாற்றை விழுங்கிவிடுகிறது. அங்கே தண்ணீர் இலவசமே அல்ல. பொது வரிப்பணம்தான் குழாய் வழியே வந்தது. 2013இல் உருவான ஐரிஷ் வாட்டர் என்னும் அரசு நீர் நிறுவனம் ஆலோசகர்களுக்கு மட்டும் சுமார் 5 கோடி யூரோ கொட்டிய செய்தி 2014 ஜனவரியில் அம்பலமானது. சுத்திகரித்த நீரில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஒழுகி மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த காலம் அது.

கட்டணத்துக்கு எதிர்ப்பு வலுத்ததும் அதற்கு ஆண்டு உச்சவரம்பு வந்தது: தனியாள் வீட்டுக்கு 160 யூரோ, மற்றவற்றுக்கு 260. வரம்பைத் தொட்டபின் எவ்வளவு தண்ணீர் செலவழித்தாலும் அதே தொகை! போதாக்குறைக்கு, ஐரிஷ் வாட்டரில் பதிவு செய்தவர்களுக்கு 100 யூரோ மானியம். கட்டணம் செலுத்தாதவருக்கும் அது கிடைத்தது. கட்டணம் இருந்தால் தண்ணீர் சிக்கனமாகும் என்னும் வாதத்தைக் கைகழுவியது அரசுதான், மக்கள் அல்ல. 2016 தேர்தலில் ஆளும் கூட்டணி பெரும்பான்மை இழந்தது; கட்டணம் நின்றது. கட்டியவர்களின் பணத்தைத் திருப்பித் தர 2017இல் சட்டம் வந்தது.